பெருங்காய டப்பாவில் வைத்த வெள்ளி ரூபாய்கள்

செஞ்சி,
8-11-1964

சிரஞ்சீவி பாலசுப்பிரமணியனுக்கு, செஞ்சி பஜாரின் சக்கரவர்த்தியும் மிளகாய், உளுந்து, கடலை எண்ணெய் ஆகிய மூன்று உலகங்களுக்கும் அதிபதியுமான உன் சித்தப்பா சிங்காரவேலு அநேக ஆசீர்வாதம். இங்கே மலைகள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நாங்களும் அப்படியே இருக்கிறோம். சிங்கவரத்து ரங்கநாதர் படுத்தபடியே பிலாய் இரும்பாலை வரைக்கும் பார்க்கக்கூடியவர், உன்னையும் சுகமாக வைத்திருப்பார்.

மழை என்றால் அப்படி ஒரு மழை, நம் கடலைக் கொல்லையில் அரை ஆள் உயரக் கெண்டை பிடிக்கிறார்கள், நம்பாவிட்டால் போ. உன் சித்தி மனோரமாவுக்கு முட்டிவலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரவில்லை. உன் அம்மா திடமாக இருக்கிறார்கள், நீ ராத்திரி டியூட்டியில் சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்கிறார்கள், பிலாய் என்னவோ நம் கடைக்கு எதிர்வரிசையில் இருப்பது போல. இன்னும் இரண்டு பக்கம் மழையைப் பற்றியே எழுத எனக்குத் திறமை உண்டு, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் நைனா சேர்த்து வைத்த வெள்ளி ரூபாய்களில் புள்ளி விழுந்துவிட்டது.

நீ பிலாய்க்குக் கிளம்பும்போது திண்டிவனம் ரயிலடியில் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ரூபாயின் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், ஈரக்காற்று ஆகாது, காய்ந்த தாளில் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், புளி போட்டுத் தேய்ப்பது கொலைக்குச் சமம். ஒன்றிலும் நான் தவறவில்லையடா. ஐப்பசி பிறந்ததும் உன் நைனாவின் மரப்பெட்டி ஈரம் குடித்துப் பூரி மாதிரி உப்பிவிட்டது, சுவரெல்லாம் வியர்க்கிறது, இனி அதில் வைத்தால் ஆபத்து என்று கடை முழுக்கத் தேடி, காற்று நுழையாத, எமன் வந்தாலும் மூடியோடு மல்லுக்கட்டித் திரும்பிப் போகிற ஒரே பாத்திரத்தைக் கண்டுபிடித்தேன். காலியான பெருங்காய டப்பா. டில்லிப் பாதுஷாவின் படை எத்தனையோ வருஷம் நம் கோட்டைக்கு வெளியே உட்கார்ந்திருந்ததாமே, கோட்டைக்குப் பதில் இந்த டப்பா இருந்திருந்தால் இன்னமும் உட்கார்ந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பு மேல் காயவைத்து, ரூபாய்களைத் தாளோடு உள்ளே இறக்கி மூடினேன். பெருங்காயம் வைத்த பாண்டம் என்று பழமொழி சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்தவன், அந்தப் பழமொழிக்குள்ளேயே ரூபாயைப் போட்டு அடைத்திருக்கிறேன் பார்.

போன வாரம் திறந்தால் கல்யாணப் பந்தியில் ரசம் வந்த வாசனை. விக்டோரியா ராணியின் கன்னத்தில் அம்மை வார்த்த மாதிரி பழுப்புப் புள்ளி, எட்வர்டு ராஜாவின் மொட்டைத் தலையில் நீலமும் கறுப்பும், ஜார்ஜுக்கு மட்டும் கிரீடம் இருப்பதால் கொஞ்சம் மறைவு. உன் சித்தி எட்டிப் பார்த்து, இன்னாங்க, ராஜா ராணிக்கெல்லாம் தாளிச்சுக் கொட்டிட்டீங்களா, என் வெள்ளிச் சிமிழு பெருங்காயத்துக்குப் பக்கத்துல இருந்தே கருத்துப்போச்சே, மறந்துட்டீங்களா என்றாள். உடனே வெளியே எடுத்துப் புதுத்தாள் மாற்றினேன், அரிசியை வறுத்து ஆறவிட்டுத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தேன். புள்ளி நிற்கவில்லை, தினம் கொஞ்சம் பரவுகிறது. நகை செய்கிற பத்தர் பொன்னுசாமி வந்து, மொதலாளி, இதுக்கா இப்டி ஒக்காந்துட்டீங்க, பூந்திக்கொட்டத் தண்ணில ஒரு கொதி வுட்டு பிரஷ் போட்டா நேத்து அச்சடிச்ச மாதிரி ஆயிடும் என்றார். நீ சொன்ன கொலை ஞாபகம் இருந்தும் மனசு தளர்ந்து ஒரு ராணியை ஓரத்தில் பிடித்து நீட்டிவிட்டேன்.

அப்போதுதான் உன் அம்மா உள்ளிருந்து வந்து அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்கள். பின்பக்கத்துக் கறுப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது, வட்டம் வட்டமாக, நடுவில் சாய்வாக ஒரு கோடு. தம்பி, இது உங்க அண்ணன் வெரலு, சக்கரை டின்னு மூடி அறுத்த தழும்பு என்றார்கள். நானும் பார்த்தேன், அண்ணன் விரல்தான். தாளில் சுற்றும்போது அழுத்திப் பிடித்திருப்பார், இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது, என் பெருங்காயம் அதை மேலே கொண்டுவந்துவிட்டது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு போட்டோவுக்கும் நிற்காமல், அப்படியும் குறைந்த ஆயுசில் போன மனுஷன். இந்த வீட்டில் அவர் சாயல் என்று இருப்பது இப்போது அது ஒன்றுதான். பொன்னுசாமி பிரஷ்ஷை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லையடா. கழுவினால் ரேகை போய்விடும். விட்டால் சுற்றியுள்ள கறுப்பு அதையும் விழுங்குகிறது, நேற்று தெரிந்த ஓரத்து வட்டம் இன்று இல்லை. உங்கள் தொழிற்சாலையில் ரசாயனம் படித்தவர்கள் இருப்பார்களே, கேள். இரும்பையே தண்ணீராக உருக்குகிற ஊரில் ஒரு ரூபாயைக் காப்பாற்ற ஆள் இல்லாமலா போகும்.

இன்னொன்று. காலையில் குளித்ததும் அம்மா வந்து, தம்பி, அதக் கொஞ்சம் எடுங்க என்கிறார்கள். எடுத்துக் கொடுத்தால் ரேகைமேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள், ஈரக்கையோடு. நீ சொன்ன சட்டத்தில் முதல் சட்டமே விரல் படக்கூடாது என்பது. கடையில் நான் கத்தினால் திண்டிவனத்தில் பஸ் நிற்கும், அண்ணி முன்னால் எனக்கு மூச்சுகூட வரவில்லை. அம்மாவுக்கு நீயே தனியாக எழுதிச் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், எழுதாதே. பொங்கல் வரைக்கும் காத்திராமல் லீவு கேட்டுக்கொண்டு வா. ரேகை இருக்கும்போதே நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேலையில் பெரிய ஆளாக வேண்டும். அங்கே குளிர் இறங்கியிருக்கும், சித்தி கொடுத்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள். பெட்டிக்குள் பத்திரமாக வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், அது நம் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை.

இப்படிக்கு,
படையிழந்த சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா சிங்காரவேலு