மருந்துத் தீனியை எடுத்த திங்கட்கிழமை

சின்சினாட்டி,
மார்ச் 9

அன்புள்ள காரின்,

நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளை டேலும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். நீ மறுபடி கர்ப்பமாக இருப்பதை லூசில் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், ஃபோனை வைத்த அம்மா துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கோராக்குட்டி பத்தொன்பது நாள் மூச்சுக்குத் திணறிப் போன அன்று, அவள் நுரையீரலை ஆராய்ச்சிக்குக் கொடுக்க உன்னைக் கையெழுத்துப் போட வைத்தவன் நான். எம் பொண்ண உன் எலிக் கூண்டுக்குக் குடுத்துட்டியேப்பா என்றாய், அதற்குப் பிறகு பேசவில்லை.

அவளுக்கு இல்லாமல்போன, நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற அந்தப் புரதம், நான் வேலை பார்க்கும் ஆய்வகத்து எலிகளுக்கும் தானாகச் சுரக்காதபடி மரபணுவை மாற்றி வைத்திருக்கிறார்கள். தீனியில் மருந்து இருக்கும்வரை ஓடியாடும், தீனியை மாற்றினால் நாலைந்து நாளில் மூச்சு வாங்கும். மாற்றுகிறவன் நான்தான். வயிறு உள்ளே ஒட்டி ஒட்டி அவை இழுப்பதை ஆறு வருடமாக எழுதி வைக்கிறேன், இதை வேறெங்கும் பார்த்திராதவன் மாதிரி.

போன மாதம் பன்னிரண்டு எலிகளுக்கு மூக்கு வழியே நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். அடுத்து வந்த திங்கட்கிழமை எல்லாக் கூண்டிலும் மருந்துத் தீனியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை, மரபணு செலுத்தாத பக்கத்துக் கூண்டு முழுக்கச் செத்துப் போயிற்று, இவை மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன. நேற்றோடு முப்பது நாள், இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று ஆய்வகத் தலைவர் டாக்டர் ப்ரெஸ்காட் கேக் வெட்டினார். என் பேத்தி இந்த நோயில்தான் போனாள் என்றேன். அடடா, சொல்லவே இல்லியே லியோ என்றவர், ஓரத் துண்ட எடுத்துக்கங்க, அதுலதான் க்ரீம் ஜாஸ்தி என்று தட்டை நீட்டினார். குழந்தைகளுக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பத்து வருஷம் ஆகும், அதுவும் பணம் நின்னு போகலைன்னா என்றார். தட்டை வைத்துவிட்டுக் கூண்டு கழுவப் போனேன். எலிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் காரின், அறுபத்து மூன்று வயதில்.

ஆகவே இங்கிருந்து உன் பிள்ளைக்கு எந்த மருந்தும் வரப்போவதில்லை. நாலில் ஒரு பிள்ளைக்கு அந்த நோய் வரலாம் என்று உனக்கே சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே பரிசோதித்துப் பார், அப்புறம் என்ன செய்வது என்பது உன் இஷ்டம், டேலின் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நீங்கள் மூன்று பேராக நன்றாயிருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள், நானும்தான். ஊரை விட்டுப் போகிற அன்று நீ குப்பையில் போட்ட கோராவின் மரபணு ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். எதைத் தேட வேண்டும் என்று அங்குள்ள டாக்டருக்கு அதைப் பார்த்தால்தான் தெரியும். என் கடிதத்தைக் கிழித்துப் போடு, அதைக் கிழிக்காதே.

உன் அப்பா,
லியோ