பௌர்ணமி அன்று பரீட்சை

போன வாரம் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவள். கையில் பினாயில் வாசனை. "அக்கா, நீங்க சொன்ன பரீட்சை பௌர்ணமி அன்னிக்கு வருதுங்க. லீவு தரமாட்டேன்னுட்டாங்க" என்றாள். உன் ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால் கோபம் வந்தது.

செங்கம் சாலை லாட்ஜில் நாமும் அறை சுத்தம் செய்தவர்கள்தானே; நீ மேல் மாடி, நான் கீழ் மாடி. வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, துணி மடிக்கிற அறையில் உன் போனிலேயே சேர்ந்து படித்தோம். என்னைவிட உனக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. பரீட்சை பௌர்ணமியில் வந்து விழுந்தது. கிரிவலத்துக்கு ஊருக்கே கூட்டம் வரும் நாளில் நமக்கு ஏது லீவு? "ரெண்டு பேரும் போனா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது" என்றார் மேனேஜர். நீ அவரை முறைத்தபடியே என்னிடம் சொன்னாய்: "நீ போடி. ரெண்டு மாடியும் நான் பாத்துக்கறேன். அடுத்த தபா எனக்கு."

நான் தேறினேன். அடுத்த பரீட்சை தீபத் திருவிழா வாரத்தில் வந்தது. என் இடத்துக்கு வந்தவளுக்கு உனக்காக இரண்டு மாடி கூட்ட மனசில்லை. அதற்கடுத்த பரீட்சைக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லையடி.

இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கிறேன். இந்த ஊரில் அவர்களுக்கு ஆள் எடுத்துப் பழக்குவதும் நான்தான். அந்தப் பெண் வந்த அன்றே கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டேன். "ஒரு நாள்தானே மேடம், ஆர்வம் இருந்தா வந்துடுவாங்க" என்றார்.

ஆர்வமாம்! உனக்கு இல்லாத ஆர்வமா?

"பௌர்ணமிக்கு பரீட்சை வெச்சா லாட்ஜ் பொண்ணுங்க வேணாம்னு அர்த்தம் சார். அப்படின்னா நான் நடத்தமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றேன். "மொறச்சுக்கினு நில்லுடி" என்பாயே, அப்படியே நின்றேன்.

மறுநாள் தேதி மாறியது. இனிமேல் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் இந்த ஊரில் பரீட்சை வைப்பதில்லை என்றும் சொல்ல வைத்தேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள். உனக்கு வராமலே போன அந்த அடுத்த தபாவை அவளிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டும்.