முட்டைத் தட்டுக்குப் பின்னால்

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. மதியம் உங்கள் அக்கா வருவார். வந்ததும் ஃப்ரிட்ஜைத் துழாவுவார். உங்கள் ஊசி மருந்தை முட்டைத் தட்டுக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறேன். கண்ணில் பட்டால் என் சர்க்கரைக்கு என்று சொல்லுங்கள். எனக்கு நோய் என்றால் சந்தோஷத்தில் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

நேற்று ராத்திரி படுக்கையில் நீங்கள் ஊசியை எடுத்ததும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஊசி போட்டாத்தான் ஆம்பளைன்னு ஆயிடுச்சு. உனக்கு அருவருப்பா இருக்கு, அதானே?" என்றீர்கள். அருவருப்பு இல்லை, பயம். என் தம்பிக்குக் கடைசி ஊசி போட்டபோது அவன் கையைப் பிடித்திருந்தவள் நான். "ஒண்ணுமில்லக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சிரித்தான். அந்தக் கை என் கைக்குள்ளேயே சில்லிட்டுப்போனது.

நான் வரும்வரை தனியாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பி.கு.: ஊசி போட்டு நாலு மணி நேரமாகியும் விறைப்பு அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார் டாக்டர். அப்படி ஆனால் வெட்கப்பட்டு வீட்டில் கிடக்கக் கூடாது. கவுண்டரில் நானே சொல்கிறேன்.

இன்னொன்று: இன்று திரும்பிக்கொள்ளமாட்டேன். உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வேன். ஊசி போட்ட பிறகும் அந்தத் தோள் சூடாகவே இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும்.