பரிசுகளை விலைக்கு வாங்கும் கடை

மகனுக்கு,

உன் மனைவி நலமாக இருக்கிறாள். நிலாப் பண்டிகைக்கு மறுநாள் பார்த்தேன்.

மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே, அதிகாரிகளுக்குப் பரிசாக வந்த மதுவையும் சிகரெட்டையும் விலைக்கு வாங்கும் கடையில்தான் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்து லஞ்சத்தை ஆராய்கிறேன். எந்த வீட்டுப் பெட்டிகள் வருகின்றன என்று நோட்டில் எழுதுகிறேன். "நாலாங் கிளாஸ் படிச்சவருக்கு ஆராய்ச்சி ஒரு கேடா?" என்று நீ சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை.

அன்று அவள் காரிலிருந்து ஆறு பெட்டி மது இறக்கினாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரி ஃபெங் விடவில்லை.

"என்ன பெரியவரே, நோட்டை மூடிட்டீங்க? உங்க மருமக மாசாமாசம் வர்றவங்கதான். நில அனுமதிக்குக் கையெழுத்துப் போடுற வீடு, இத்தனையும் குடிச்சுத் தீர்க்க முடியுமா?"

இரண்டு நாளாக உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஊரார் பெயரையெல்லாம் எழுதியவன் உன் பெயரை விட முடியாது. எழுதிவிட்டேன்.

தானாக வந்து ஒப்புக்கொள்பவனுக்குத் தண்டனை குறைவு. திங்கள் காலை எட்டு மணிக்கு, லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை விசாரிக்கும் ஒழுங்கு விசாரணை அலுவலக வாசலில் நோட்டோடு நிற்பேன். நீ வந்தால் சேர்ந்து உள்ளே போவோம். வராவிட்டால் நான் மட்டும் போவேன்.

நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வா. உள்ளே நேரமாகும்.

அப்பா