பல் செட்டுக்கு அடியில்

12 ஜூன் 2016

இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நேரில் வாய் திறந்து சொல்லத் தைரியம் வராதவளுக்கு வேறு வழியில்லை. அப்பாவுக்கு வாயெல்லாம் புண். இன்றும் சோற்றைக் கரைத்துத்தான் குடித்துவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஷிப்டு போனார்.

14 ஜூன்

கிளினிக். பல் செட்டைக் கழற்றச் சொன்னதும் அப்பா என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பினார். கதவிடுக்கில் பார்த்தேன். அண்ணம் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் தயிர் ஒட்டியது போல வெள்ளை. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். ‘பூஞ்சை மாதிரி இருக்கு சார்’ — தொண்டை வரை வந்தது. எம்.எஸ்ஸி மைக்ரோபயாலஜி படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டம். ஒரு வரி வெளியே வரவில்லை.

22 ஜூன்

நாக்கிலும் வெள்ளை. பாக்டீரியா செத்த இடத்தில் பூஞ்சை பரவிவிட்டது. டாக்டரே பூஞ்சைக்கான மருந்தாக மாற்றிவிட்டார்.

3 ஜூலை

நாக்கு தெளிந்தது. அம்மா மீன் குழம்பு வைத்தாள்.

20 ஜூலை

திரும்ப வந்துவிட்டது. பல் செட்டுக்கு அடியில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. இனிப்பு கிடைத்தால் பாக்டீரியா பசை காய்ச்சிப் பூஞ்சை மேல் பூசுகிறது. பூஞ்சை இழை விட்டு அதற்குப் பந்தல் போடுகிறது. மருந்து மேலோடு வழிந்து போகிறது.

மைன்ஸில் தூசிக்கு எல்லாரும் வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார்கள். சர்க்கரை வியாதி இருந்தும் அப்பாவும்தான். வேண்டாம் என்றேன்.

“வெல்லம் இல்லாம தூசி எப்டிம்மா எறங்கும்? ஒரு நாள் கரி ஓடற கன்வேயர் பெல்ட் பக்கத்துல வந்து நின்னுகினு பேசு” என்று சிரித்தார்.

தூங்கும்போதும் அவர் பல் செட்டைக் கழற்றுவதில்லை. ராத்திரியில் கழற்றி வையுங்கள் என்றுதான் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை.

9 ஆகஸ்ட்

அம்மாவையாவது அப்பாவிடம் அதைச் சொல்லச் சொன்னேன்.

“எனுக்கே பொக்க வாயக் காட்டுனது இல்லடி. நீ பட்டம் வாங்கற அன்னிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு பண்ருட்டிக்குப் போயி கட்டிகினு வந்தாரு. அதப் போயி கழட்டுன்னு சொல்லச் சொல்றியே.”

எனக்கு இது தெரியாது. தெரியவே தெரியாது.

2 செப்டம்பர்

அப்பாவுக்குச் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மைன்ஸ் கான்ட்ராக்டர் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

18 செப்டம்பர்

கடலூர் ஆஸ்பத்திரி. பூஞ்சை உணவுக்குழாய் வரை இறங்கிவிட்டதாம். டிரிப் ஏறுகிறது. டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ரத்தத்துலயும் கலந்துடுச்சாம்டி, இனிமே கஷ்டம்னுட்டாரு” என்றாள்.

நர்ஸ் கழற்றச் சொன்னால் அப்பா தலையைத் திருப்பிக்கொள்கிறார். இனிமேல் கழற்றி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும், அம்மா டீ வாங்கப் போனதும் குனிந்து காதில் கேட்டேன்.

“அப்பா, அதக் கழட்டி என் கையில குடுங்க. நான் கழுவி வைக்கறேன். பல்லு இல்லாட்டி என்னப்பா, என்னப் பாத்து ஒரு தடவ சிரிங்க.”