மூன்றாவது ரவுண்டில் உன் இடது பக்கம்

போன வாரம் புக்கிட் பாருவில் ஒரு கிளினிக்கில் என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் நர்ஸ் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, மறுநாள் காலையில் பிரித்துவிடலாம் என்றாள். வாசலுக்கு வந்து சாலையில் கால் வைத்தேன். இடப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிள் எனக்குத் தெரியவே இல்லை. ஹாரன் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நின்றேன். என் மகன் கையைப் பிடித்து இழுத்து, "அந்தப் பக்கம் பாக்கலயாப்பா?" என்றான். பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. இருட்டுகூட இல்லை.

நாற்பது வருடம் நீ ஒற்றைக் கண்ணோடு அப்படித்தான் இருந்தாய். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அன்றைக்கு அந்த வாசலில்தான் அது என் உடம்புக்குத் தெரிந்தது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உன் வீட்டில் தமிழ் கிடையாது. சாமிக்கு வைத்த பெயர்களிலும் சில உறவுமுறைகளிலும் மட்டும்தான் உங்கள் மலாக்கா செட்டிக் குடும்பங்களில் தமிழ் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் மலாய். நீ பேசிய தமிழ் முழுக்க என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. எழுத்து மட்டும் உனக்கு வராது. நீ உயிரோடு இருந்திருந்தால் இதை யாராவது உனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

நமக்குக் குத்துச்சண்டை மாஸ்டர் என்று யாரும் இருந்ததில்லை. காஜா பெராங்கில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டோம். ராணுவ முகாமில் கழித்துப் போட்ட இரண்டு ஜோடி கிளவுஸ் எப்படியோ நம் கைக்கு வந்தது. நான் உன்னைக் குத்துவேன், நீ என்னைக் குத்துவாய். முடிந்ததும் உட்கார்ந்து யார் எங்கே தப்பு செய்தோம் என்று பேசுவோம். அந்தப் பேச்சில்தான் நாம் குத்துச்சண்டை கற்றோம்.

பலம் உனக்கு அதிகமில்லை. உன் பலமெல்லாம் பார்வையில் இருந்தது. "முதல் ரவுண்டு அவனுக்குக் குடு லா. அவன் பழக்கத்தை நாம எடுத்துக்கலாம்" என்பாய். அப்படித்தான் சண்டை போடுவாய். முதல் மூன்று நிமிடம் பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பாய், ஜனங்கள் சிரிப்பார்கள். இரண்டாவது ரவுண்டில் எதிராளி எங்கே கால் வைப்பான் என்பது அவனுக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கும். அவன் கை வரும்போது நீ அங்கே இருக்கமாட்டாய். உன் கை அவன் முகத்தில் இருக்கும். போட்டிகளில் உன் மூலையில் நான் நிற்பேன், என் மூலையில் நீ நிற்பாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால், "நல்லா அடி" என்றெல்லாம் சொல்லமாட்டாய். ஒரே ஒரு விஷயம்தான் சொல்வாய். பத்து பெரெண்டாம் ஊர்க்காரன் ஒருவன், என்னைவிட ஒரு சாண் உயரம், என்னைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, "கையப் பாக்காத, பின் கால் குதியப் பாரு. அது தூக்கினா ரைட் வரும்" என்றாய். அந்தக் குதிகாலைப் பார்த்துத்தான் அவனை ஜெயித்தேன்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரத் தேதியைப் படாங் மைதானத்தில் அறிவித்த வருடம் அது. ஊரே வேறு மாதிரி இருந்தது. மலாக்காவில் ஜெயிப்பவன் மாநிலத்துக்காகக் கோலாலம்பூர் போய் ஆடலாம் என்றார்கள். விளையாட்டில் பெயர் எடுத்தவர்களை அரசாங்க வேலைக்கு எடுக்கிறார்கள் என்றும் பேச்சு. என் அப்பா புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறாத காலம். நீ பஸ் டிரைவராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

போட்டிக்கு மூன்று மாதம் முன்பு, பயிற்சியில் என் வலது கை குறி தவறியது. அந்தப் பழைய கிளவுஸில் கட்டைவிரல் தனியாக ஆடும். அது நேராக உன் இடது கண்ணில் போய் இறங்கியது. ஒரு வாரம் சிவந்திருந்தது, பிறகு சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு சாயங்காலம் மாமரத்தடியில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"இந்தப் பக்கம் காபோர், ராஜு. பனி விழுந்த மாதிரி. ஓரத்துல ஒண்ணுமே தெரியல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வா."

"போனா ஆட விடமாட்டான். இந்த ஒரு போட்டி முடியட்டும், நானே போறேன்."

"வீட்டுல தெரியுமா?"

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். போட்டிக்கு முன் டாக்டர் நம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், கைகளைப் பிடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நான் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது நினைத்தேன்.

அதே நாட்களில் நீ எனக்கு என்ன கொடுத்தாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். "டே, நீ ரைட் அடிக்கிறதுக்கு முன்னாடி கீழ் உதட்டை மடிக்கிற. நான் அத வச்சுத்தான் எப்பவும் தப்பிக்கிறேன். மத்தவன் கண்டுபிடிச்சா செத்த. மாத்திக்கோ" என்றாய். நீயே எதிரில் நின்று, ஒவ்வொரு தடவை உதடு மடங்கும்போதும் சீட்டியடித்து, பத்து நாளில் அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து போக்கினாய். என்னிடமிருந்து உன்னைக் காத்துவந்த ஒரே விஷயத்தை நீயே எடுத்துப் போட்டாய்.

அரை இறுதியில் இருவரும் ஜெயித்தோம். அடுத்த சனிக்கிழமை இறுதிப் போட்டியில் நீயும் நானும். நீ சிரித்தாய். "யாரு ஜெயிச்சாலும் ஒருத்தன் கேஎல் போறான் லா" என்றாய்.

அந்த வாரம் நாம் சந்திக்கவில்லை. நான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பத்தை நட்டு அதைச் சுற்றி நடந்தேன். எப்போதும் என் இடப்பக்கமாகச் சுற்றுகிற பழக்கம் எனக்கு. அந்த வாரம் வலப்பக்கமாகச் சுற்றினேன். அந்தப் பக்கம் போனால் எதிரே நிற்பவனுடைய இடது கண்ணுக்கு வெளியே போகலாம். இதை நான் உபயோகிக்கப் போவதில்லை, சும்மா கால் பழகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நாள் பழக்கினேன்.

படாங்கில் ரிங் கட்டியிருந்தார்கள். நம் மூலைகளில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வாளியும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் ரவுண்டை எனக்குக் கொடுத்தாய். கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது ரவுண்டில் நான் மூக்கில் ரத்தத்தோடு ரிங் முழுக்க உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது என் மூலையில் நின்ற ஆள், "நீ பாயிண்ட்ல பின்னால இருக்கே தம்பி. விழவைச்சாதான் உண்டு" என்றான்.

மூன்றாவது மணி அடித்ததும் நான் வலப்பக்கம் கால் எடுத்து வைத்தேன்.

உன் தலை தாமதமாகத் திரும்பியது. அவ்வளவுதான், எனக்குப் போதுமாக இருந்தது. வலது கையை வீசினேன். குத்து வருவதைப் பார்க்கிற எவனும் கண் இமைப்பான். நீ இமைக்கவில்லை. அது உன் கன்னத்தில் இறங்கிய பிறகுதான் உன் முகம் மாறியது. நீ முழு உடம்பையும் திருப்பி என்னைத் தேடினாய். நீ திரும்பத் திரும்ப நான் இன்னும் ஓர் அடி நகர்ந்தேன். ஜனங்கள் கத்தினார்கள். நீ களைத்துவிட்டாய் என்று அவர்கள் நினைத்தார்கள். ஏன் அடி வாங்குகிறாய் என்று அந்தப் படாங்கில் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

நடுவில் நீ என்னைக் கட்டிப் பிடித்தாய். உன் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மூச்சு இரைக்க, "ஜாங்கான் சித்து, ராஜு" என்றாய். அந்தப் பக்கம் வேண்டாம். அவசரத்தில் உனக்கு மலாய்தான் வந்தது. நடுவர் நம்மைப் பிரித்துவிட்டார். அது என் காதில் நன்றாக விழுந்தது. நான் மறுபடியும் வலப்பக்கம் கால் வைத்தேன்.

நீ ஒரு முட்டியை ஊன்றினாய். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாய். மணி அடித்தது. என் கையைத் தூக்கினார்கள். இன்னொரு கையை நீ வந்து தூக்கினாய்.

கோலாலம்பூரில் முதல் சண்டையிலேயே தோற்றேன். ஆனாலும் எனக்கு வேலை கிடைத்தது. நான் அங்கேயே இருந்தபோது உனக்கு அந்தக் கண் முழுக்கப் போய்விட்டது. ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். டிரைவர் ஆக முடியவில்லை. கண்டக்டர் ஆனாய். மாற்றலாகி நான் மலாக்கா திரும்பிய பிறகு உன் பஸ்ஸில் எத்தனை தடவை ஏறியிருப்பேன்! தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டே வருவாய். "எப்படி ராஜு, பிள்ளைங்க படிக்குதா?" என்பாய். படிக்குது என்பேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல எத்தனை வருடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் என் ஸ்டாப் வந்துவிட்டது என்று இறங்கிவிட்டேன்.

போன வருடம் உன் சாவுக்கு வந்தேன். உன் தங்கை லெச்சுமி என் கையைப் பிடித்து உன் ஆட்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மலாயில்தான் சொன்னாள்; அபாங் என்றால் அண்ணன். "இவர்தான் அபாங் ராஜு. அண்ணன் எப்பவும் சொல்லும். கண் சரியில்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான். ஃபைனல்ல கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு குத்துகூட விடலன்னு." எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

நேற்று லெச்சுமியிடம் போனேன். கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் அண்ணன் சொன்னது உண்மை இல்ல லெச்சுமி. அந்தப் பக்கம்தான் அடிச்சேன். வேணாம்னு சொன்னான். சொன்னப்புறமும் அடிச்சேன்."

அவள் மடித்த துணியைத் தொடையில் வைத்தாள்.

"சொன்னப்புறம் எத்தனை?"

"எண்ணல."

"எண்ணலயா அபாங்?"

"நாலு" என்றேன்.

"அப்புறம் ஏன் அண்ணன் எங்ககிட்ட அப்படிச் சொல்லுச்சு?"

"தெரியல."

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா இருந்த வரைக்கும் காலையில விளக்கு வச்சுக் கும்பிடும்போது எங்க பேரெல்லாம் சொல்லிட்டு உங்க பேரையும் சொல்லும். என் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாத பிள்ளைன்னு." துணியை எடுத்து மறுபடி பிரித்தாள். "இன்னைக்குப் போங்க அபாங். என்னால முடியல."

வந்துவிட்டேன். அவள் மறுபடி கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

உன் அம்மா அந்தச் சண்டைக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அத்தனை வருடம், காலையில், வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நீ அந்தக் கூடத்தில் நின்றிருப்பாய். உன் பெயருக்குப் பிறகு என் பெயர் வரும். நீ ஒரு நாளும், "அவன் பேர் வேணாம்மா" என்று சொல்லவில்லை.