சன்னல்காரனின் காது

கசேங்கா,
டிசம்பர் 17, செவ்வாய்

தம்பி யோத்தாமுக்கு,

அக்கா திசாவுகே எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். பரிசுக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ பல்லைக் காட்டுகிற செய்தித்தாளைக் கடையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். எத்தனை முறை போன் செய்தேன், ஒரு வாரமாக எடுக்கவில்லை. அதனால் லுசாக்கா பஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்தும் ஒளிந்துகொள்ளாதே.

உன் அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். பதினேழு வருஷமாக யானைக் காவல் பார்த்து, இந்தப் பக்கம் வருகிற ஒவ்வொரு யானையின் காதையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிற மனுஷனை, புதிதாக வந்த வன அதிகாரி பொய்யன் என்கிறார். காரணம், பரிசு வாங்கிய உன் யானைப் படம்தான். சட்டம் போட்டு அன்பளிப்பாக அனுப்பினாயே, அதை அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்.

தெரியாத மாதிரி நடிக்க உனக்கு நன்றாக வரும். அதனால் நடந்ததை நானே வரிசையாகச் சொல்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு காலையில் ஆற்றங்கரை மாந்தோப்பில் நீ அந்த யானையைப் படம் எடுத்தாய். சைக்கிளில் திரும்பும் வழியில் உன் அத்தானை நிறுத்திக் கேமராவில் அதைக் காட்டினாய். காட்டிக்கொண்டிருக்கும்போதே தோப்பிலிருந்து அலறல் கேட்டது. அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது நம் பக்கத்து வீட்டு மைலேசி மிதிபட்டுக் கிடந்தாள். யானை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது தந்தம் ஒடிந்த, இடது காதில் கையளவு ஓட்டை உள்ள யானை. அந்த ஓட்டை வழியாக வானம் தெரியும் என்பதால்தான் அதற்கு நாங்கள் சன்னல்காரன் என்று பெயர் வைத்தோம்.

இடது தந்தம் ஒடிந்த யானை இன்னொன்றும் இங்கே உண்டு. அது தூங்குமூஞ்சி. நம் வேலியோரம் நின்று காய்களைத் தின்றுவிட்டு, போ என்றால் போய்விடும். அதன் காதில் ஓட்டை கிடையாது. உன் படத்திலும் ஓட்டை இல்லை. கொலை செய்த யானையை அதே காலையில் அதே தோப்பில் எடுத்த படம் என்பதால், கொன்றது தூங்குமூஞ்சிதான் என்று முடிவுகட்டி, அதிகாரி அதைச் சுடச் சொல்லி எழுதிவிட்டார். மேலிடத்து அனுமதி இப்போதுதான் வந்தது. வெள்ளிக்கிழமை சுடுகிறார்கள்.

அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அதிகாரி உன் அத்தானைக் கேட்டார்: "ஏம்ப்பா லாக்சன், இந்தக் காதுல எங்கேய்யா ஓட்டை? ஒரு கொசு பூந்து போற ஓட்டையாவது காட்டு, பாப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். மைலேசியின் மூத்த மகன் சிரிக்கவில்லை. "ஒங்களுக்குப் புடிச்ச ஆனைய ஒளிச்சு வெக்கிறீங்களா மாமா? எங்கம்மா என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டான். உன் அத்தான் வீட்டுக்கு வந்து, சோளக்களியைத் தொடாமல் படுத்துவிட்டார். அந்தப் படத்தைச் சுவரோடு பிடுங்கி எறியலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஓட்டை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பரிசு வருவதற்கு முன்னால் போனில் நீயே பீற்றிக்கொண்டாய், நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அத்தான், கண்ணு எப்பவும் வெளிச்சத்துக்குத்தான் மொதல்ல ஓடும். காது ஓட்டையில வானம் பளிச்சுனு தெரிஞ்சுது, அடைச்சுட்டேன். பின்னால பொதர்ல செவப்பா துணி மாதிரி ஏதோ கெடந்துச்சு, அதையும் தூக்கிட்டேன். இனிமே பாக்குறவன் ஆனையைத் தவிர வேற எதையும் பாக்க முடியாது." நானும் பெரிய கெட்டிக்காரனைத் தம்பியாகப் பெற்றவள் போல "அட!" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது என்ன சொன்னாய்? "எதையும் தொடலை சார், எடுத்தது எடுத்தபடி இருக்கு." பிறகு என்னிடம் தனியாக, "தொட்டேன்னு சொன்னா பரிசைப் புடுங்கிடுவாங்கக்கா. ஒரு ஆனைதானே, விடேன்" என்றாய். திருத்தாத படத்தையாவது அனுப்பு என்று கெஞ்சினேன். தேடிப் பார்க்கிறேன் என்றாய். மறுநாள், அது அழிந்துபோய்விட்டது என்றாய். அதோடு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாய்.

பரிசுக்காகத்தான் பொய் சொல்கிறாய் என்று நினைத்து ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று துணி துவைத்துப் புதர்மேல் உலர்த்தினேன். மைலேசியும் நானும் ஒரே சிவப்புத் துணியை வாங்கி ஆளுக்குப் பாதியாகக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொள்வோம், உனக்கும் தெரியும். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது தூரத்திலிருந்து என் பாதியைப் பார்த்தேன். சிவப்பாக, துணி மாதிரி ஏதோ. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று காலை மற்றொரு பாதியைக் கட்டிக்கொண்டுதான் அவள் மாங்காய் பொறுக்கப் போனாள்.

தோப்பில் யானையைக் கண்டால் கை தட்ட வேண்டும். நடக்கப் பழகும்போதே நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். உள்ளே யாராவது இருந்தால் ஓடிவிடுவார்கள். நீ தட்டவில்லை. தட்டியிருந்தால் யானை தலையைத் திருப்பியிருக்கும், உன் படம் கெட்டிருக்கும். தோப்பில் யாரும் இல்லை என்று நினைத்தேன் என்று அவளைப் புதைத்த குழிக்கருகில் நின்று அழுதாய். அதை நான் இப்போதும் நம்புகிறேன். படம் எடுக்கும்போது நீ அவளைப் பார்க்கவில்லை. ஆனால் நான் கேட்ட பிறகு திரும்பத் திறந்து பார்த்தாய், இல்லையா? அப்போது தெரிந்துவிட்டது. அதனால்தான் அழிந்துபோயிற்று என்றாய். நீ ஒரு படத்தையும் அழிக்கிறவன் இல்லை, உனக்குப் பால்பல் விழுந்தபோது எடுத்த படத்தைக்கூட வைத்திருக்கிறாய்.

இதை உன் அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கொலைகார யானை செத்தது என்று ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தோப்புக்கு ஓடும். என் மகள் எலெஸ்தினாவும் ஓடுவாள். மாங்காய் இன்னும் தீரவில்லை. சன்னல்காரன் முந்தாநாள் ஆற்றைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறான். காலடியை உன் அத்தான் அளந்து பார்த்துவிட்டார், கேட்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமைக்குள் அந்தப் படத்தை அதிகாரிக்கு அனுப்பு. காதை மட்டும் வெட்டி அனுப்பினால் நம்பமாட்டார், முழுசாக அனுப்பு. மைலேசியின் பிள்ளைகளும் பார்ப்பார்கள். உன்னை என்ன செய்வார்களோ தெரியாது. நீ வந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன், உனக்காகப் பேசமாட்டேன், நிற்பேன். அவளை யாரும் ஒருநாளும் படம் எடுத்ததில்லை யோத்தாமு. சின்னவள் அம்மாவின் முகம் மறந்துபோகிறது என்று என்னிடம் வந்து அழுகிறாள். ஊரிலேயே அவள் இருக்கிற ஒரே படம் உன்னிடம்தான் இருக்கிறது.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், அதோடு கொஞ்சம் தைரியத்தையும்.

உன் அக்கா,
திசாவுகே